விபத்தில்லாத ஆயிரம் நாட்கள்

அது செவ்வாய்க்கிழமை என்றுதான் இந்தக் கதையைச் சொல்கிறவனுக்கு ஞாபகம். சம்பந்தப்பட்டவரைக் கேட்டால் புதன்கிழமை என்பார். அவர் மனைவியைக் கேட்டால், அன்றைக்கு ஆஸ்பத்திரி விரிப்புகள் வந்திருந்தன, அவை வியாழக்கிழமைதான் வரும், ஆகவே வியாழன் என்பாள். மூன்றுமே தப்பாக இருக்கலாம். நிலையத்தின் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாமென்றால், அப்படி ஒரு சம்பவமே அதில் இல்லை. கிழமையில் தடுமாறுகிற ஞாபகம் மற்றதில் மட்டும் நிதானமாக இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. எண்கள் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன. அவை வாசலில் எழுதிப் போடப்பட்டிருந்தன. அன்றைய எண் 961.

பொதுச் சலவை நிலையத்தின் வாசலில் ஒரு பச்சைப் பலகை இருந்தது. 'விபத்தில்லாத நாட்கள்' என்று மேலே வண்ணத்தில் எழுதி, கீழே எண்ணுக்குக் கறுப்பாக இடம் விட்டிருந்தார்கள். தினமும் காலையில் காவலாளி பழைய எண்ணைத் துடைத்துவிட்டு, ஒன்று கூட்டி, சுண்ணக்கட்டியால் எழுதுவார். விபத்து நடந்தால் பூஜ்யம் போட வேண்டும் என்பது விதி. ஆயிரத்தை எட்டுகிற நிலையத்துக்குத் தலைமை அலுவலகம் ஒரு கேடயம் தரும். அந்தக் கேடயத்துக்காக மேலாளர் தன் அறைச் சுவரில் ஆணி அடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது வருகிற வரைக்கும் ஆணியில் ஒரு நாள்காட்டி தொங்கியது.

ஆஸ்பத்திரிகள், விடுதிகள் எல்லாவற்றிலிருந்தும் படுக்கை விரிப்புகள் அங்கே வந்து குவியும். துவைத்து, பாதி உலர்த்தி, உருளை மிஷினுக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு ஆள் நீளத்துக்கு, ஒன்றின்மேல் ஒன்றாக, கொதிக்கிற இரண்டு உருளைகள். இந்தப் பக்கம் விரிப்பின் விளிம்பைக் கையால் கொடுத்தால் அந்தப் பக்கம் தேய்த்து வெளியே வரும். விளிம்பு கோணலாகப் போனால் விரிப்பு முழுக்கக் கோணல். இந்த வேலையைப் பதினான்கு வருஷம் கோணல் இல்லாமல் செய்தவர் என்பதால் அவருக்கு நேர்கோடு என்றே பெயர் வந்துவிட்டது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் மிஷின் அப்படியே நின்றுவிடும். எட்டு மாதத்துக்கு முன், தலைமை அலுவலகத்தார் பார்வையிட வருகிறார்கள் என்று, அந்தக் கம்பியைக் கழற்றி மஞ்சள் அடித்தார்கள். வண்ணம் அடித்ததும் அது பார்க்கப் புதிதாக ஆகிவிட்டது. புதிதாக இருக்கிற எந்தப் பொருளும் முதலில் ஸ்டோரில் பதிவாக வேண்டும். பதிவாயிற்று. ஸ்டோரில் பதிவான பாதுகாப்புப் பொருளை வெளியே எடுக்க விபத்து எண் வேண்டும். விபத்துதான் ஒன்றும் நடக்கவில்லையே. ஆகவே கம்பி ஸ்டோரிலேயே இருந்தது.

961-ஆம் நாள் பதினொரு மணி சுமாருக்கு நேர்கோட்டின் வலது கை விரிப்போடு சேர்ந்து கொஞ்சம் உள்ளே போனது. மூன்று விரல்கள். வலி இல்லை, அதுதான் அவருக்கு முதலில் ஆச்சரியம். யாரோ கதவை மெதுவாகச் சாத்தினது போல இருந்தது என்பார். விரிப்பு அதன் பாட்டுக்கு அந்தப் பக்கம் வெளியே வந்தது. அந்தப் பக்கம் மடிப்பு மேசையில் நான்கு பெண்கள் நிற்பார்கள். அன்றைக்கு முதல் ஆளாக நின்றவள் அவர் மனைவி. விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து உதறப்போனவள், உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் காவலாளி ஈரத்துணியோடு பலகை முன்னால் நின்றார். பூஜ்யம் போடலாமா என்று கேட்டு அனுப்பினார். கொஞ்சம் பொறு என்று பதில் வந்தது. இரண்டு மணி நேரம் பொறுத்தார். மேலாளர் அறையில் தொலைபேசி ஓயாமல் பேசியது. கடைசியில் மேலாளரே வெளியே வந்து, "என்னப்பா, கணக்கு மறந்துபோச்சா? நேத்து 961-ன்னா இன்னிக்கு என்ன?" என்றார்.

காவலாளி 962 என்று எழுதினார்.

ஆஸ்பத்திரியில் நேர்கோடு படுத்திருந்த விரிப்பு அவரே தேய்த்தது. மூலையில் நிலையத்தின் நீல முத்திரை இருந்தது. நான்காம் நாள் மேலாளர் வந்தார். கூடவே புதிதாக ஒருவர்: மெலிந்த உடம்பு, மென்மையான குரல், மடியில் கனமான ஒரு கையேடு. தலைமை அலுவலகத்தில் சொல்லாட்சிப் பிரிவு என்று ஒன்று இருப்பது அதுவரைக்கும் நேர்கோட்டுக்குத் தெரியாது. நிலையத்தில் ஒழுகுகிற கூரைக்குக் 'காற்றோட்டக் கூரை' என்று பெயர் வைத்தவரும், வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு 'விடுவிக்கப்பட்டோர்' என்று பெயர் வைத்தவரும் இவர்தானாம். சொல் அதிகாரி என்பார்கள்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் சொல் அதிகாரி.

"மரத்துப் போயிருக்கு சார்."

"நல்லது. தியாகம் பண்ணினவங்க எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் இருக்கும்."

நேர்கோடு பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு சார் தியாகம் பண்ணினது?"

"நீங்கதான்."

"நான் ஒண்ணும் பண்ணல சார். கம்பி இல்ல."

சொல் அதிகாரி மேலாளரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாத்தீங்களா, இந்த அடக்கம்தான் வேணும்."

ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார்கள். 'நான் எனது ............ஐ நிலையத்தின் முன்னேற்றத்துக்காக மனமுவந்து அளிக்கிறேன்.' எந்த உறுப்பையும் எழுதிக்கொள்ளும்படி நடுவில் புள்ளிகள் விட்டிருந்தார்கள். தேதி 960-ஆம் நாளுடையது. கொடுக்கிறேன் என்று முதலில் சொன்னால்தானே மறுநாள் கொடுக்க முடியும் என்று மேலாளர் விளக்கினார். நேர்கோட்டால் பேனா பிடிக்க முடியவில்லை. "பரவாயில்ல, கட்டைவிரல் இருக்கே" என்றார் சொல் அதிகாரி. மருந்து மயக்கத்தில் இருந்தவரின் கையைத் தூக்கி, மை தடவி, பதமாக அழுத்தி எடுத்துக்கொண்டார்கள். மிஷின் விட்டுவைத்த விரல் அப்படிப் பயன்பட்டது.

படிவத்தின் நகலை வீட்டில் அக்கா படித்தாள்.

அந்த வீட்டில் தியாகம் என்ற சொல்லுக்கு அதுவரைக்கும் ஒரே பொருள்தான், அது அக்கா. அப்பா அம்மா போனபோது நேர்கோட்டுக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினெட்டு. படிப்பை விட்டாள். தையல் மிஷினில் உட்கார்ந்தாள். கேட்டு வந்த இரண்டு இடத்தையும் வேண்டாம் என்றாள். சொந்தக்காரர்கள் கூடினால் யாராவது ஒருவர் அந்தச் சொல்லை எடுப்பார்கள். எடுத்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "எனக்கு அப்ப வேற வேலை இல்ல, வளர்த்தேன். சோத்தைப் பாத்துச் சாப்பிடுங்க" என்பாள். சொன்னவர் அசடு வழியச் சாப்பிடுவார். தியாகம் என்றால், செய்தவர்கள் கேட்டதும் கோபப்படுகிற ஒரு சொல் என்றுதான் நேர்கோடு சின்ன வயதிலிருந்து புரிந்துவைத்திருந்தார்.

அக்கா படிவத்தை இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். 

"டேய், நீயா குடுத்தியா, அது இழுத்துக்கிச்சா?"

"இழுத்துக்கிச்சுக்கா."

"அப்ப இதுக்கு வேற பேரு."

என்ன பேர் என்று அவள் சொல்லவில்லை. படிவத்தை மடித்துக் கொடுத்துவிட்டுத் தையலுக்குப் போய்விட்டாள்.

972-ஆம் நாள் பாராட்டு விழா. உலர்த்தும் கூடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். உருளை மிஷினுக்கு நீலத்தில் ஒரு ரிப்பன் கட்டி, 'இங்கேதான்' என்று எழுதிய பித்தளைத் தகடு ஒன்றையும் பதித்தார்கள். பதிக்கும்போது மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது; ஆஸ்பத்திரி விரிப்புகள் நின்றுபோகக் கூடாதில்லையா.

மேலாளர் பேசினார். "விபத்து யாருக்கு வேணும்னாலும் நடக்கும். அதுல என்ன பெருமை இருக்கு? ஒரு மனுஷனைப் பாத்து உனக்கு விபத்து நடந்துச்சுன்னு சொல்றது அவனைக் கேவலப்படுத்துறது. கவனம் இல்லாதவன்னு சொல்றது. நாம அப்படிச் சொல்வோமா? இவர் கவனமா இருந்தார். கவனமா இருந்தே குடுத்தார். விரலைக் குடுத்தவர் இவர். அந்தச் செய்தியைக் கேட்ட வேதனையைத் தாங்கினவன் நான். எது பெருசுன்னு நான் சொல்லப்போறதில்ல. அதை உங்க முடிவுக்கு விட்டுடறேன்."

கைதட்டினார்கள். நேர்கோட்டுக்குக் கைதட்ட வரவில்லை. கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

'தியாகி' என்று பொறித்த ஒரு பித்தளைச் சின்னம் தந்தார்கள். வேலை நேரத்தில் சட்டையில் குத்தியிருக்க வேண்டும். அதைக் குத்த ஒருவருக்கு இரண்டு கைகளும் முழுசாகத் தேவை. தினமும் காலையில் மனைவிதான் குத்திவிட்டாள்.

பச்சைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பலகை வந்தது. 'தியாகங்கள்: 1.'

ஒன்று என்ற எண் பலகையில் தனியாக நிற்கப் பிடிக்காது போலிருக்கிறது. அடுத்த நாளே, அறையின் குளிர்சாதனம் பழுதானபோதும் உள்ளேயே இருந்து கோப்பு பார்த்தார் என்று மேலாளருக்கு ஒன்று பதிவானது. சர்க்கரை தீர்ந்துபோன அன்று வெறும் தேநீர் குடித்த தலைமை எழுத்தருக்கு ஒன்று. இன்னொரு எழுத்தர் சன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்தார். எழுந்து போனவருக்கு ஒன்று, இத்தனை நாள் வெயில் தாங்கி உட்கார்ந்திருந்ததற்காக இன்னொன்று. குழப்பம் வரக் கூடாது என்று சொல்லாட்சிப் பிரிவு சுற்றறிக்கை அனுப்பியது: உறுப்பு போனால் முதல் நிலை, நேரம் போனால் இரண்டாம் நிலை, விருப்பம் போனால் மூன்றாம் நிலை. மேலாளர் தனக்கு முதல் நிலை கேட்டு எழுதினார். மனசும் ஓர் உறுப்புதான் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது.

980-ஆம் நாள் சிவப்புப் பலகை 47 என்றது. மற்ற நிலையங்களிலும் பலகைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு பிரிவுக்கும் மாத இலக்கு வைத்தார்கள். மடிப்பு மேசைப் பெண்களிடம், உங்கள் பிரிவில் ஏன் ஒரு தியாகம்கூட இல்லை என்று விளக்கம் கேட்டார்கள். வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரி விரிப்பு முடிகிற வரைக்கும் நாங்கள் சாப்பிடுவதில்லை, ஆறு வருஷமாக, என்று எழுதிக் கொடுத்தார்கள். அது கடமை, கடமை கணக்கில் வராது என்று பதில் வந்தது.

இதெல்லாம் நேர்கோட்டைப் பெரிதாகத் தொடவில்லை. சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. விரல் இல்லாத இடத்தில் இருந்த அதே மரப்பு மெல்ல மேலேறி, முழங்கை, தோள் என்று பரவிக்கொண்டிருந்தது போல இருந்தது. கையைப் பிடித்துப் பார்த்த டாக்டர் நரம்பில் ஒன்றுமில்லை என்றார்.

982-ஆம் நாள் அவர் மனைவிக்கு ஓர் உத்தரவு வந்தது. 'தியாகக் குடும்பங்களுக்கு முன்னுரிமை' என்ற தலைப்பில், மடிப்பு மேசையிலிருந்து உருளை மிஷினுக்கு அவள் உயர்த்தப்படுகிறாள். 985-ஆம் நாள் முதல்.

அன்றைக்கு மாலை அவர்கள் இருவரும் வழக்கமாக நடக்கிற தெருவில் நடந்தார்கள். மருந்துக்கடை தாண்டியதும் அவள் கேட்டாள்.

"ஏங்க, விளிம்பை எப்படிப் பிடிக்கணும்?"

"உள்ளங்கை மேல பாக்க. விரலை நீட்டக் கூடாது."

"நீங்க நீட்டினீங்களா?"

"தெரியல. நீட்டலன்னுதான் நினைக்கிறேன்."

மறுநாள் அவர் ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர்காரர் பழைய நண்பர். அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் இரண்டு முளை அடித்து, மஞ்சள் கம்பியைக் கிடைமட்டமாக வைத்திருந்தார். அதில் ஒரு நனைந்த குடை தொங்கியது.

"அதைக் குடுத்துடு. நாளான்னிக்கு அவ மிஷின்ல நிக்கப்போறா."

"குடுக்கலாம்ப்பா. விபத்து எண் சொல்லு."

"எனக்கு நடந்துச்சே."

"உனக்கு நடந்தது முதல் நிலை, வரிசை எண் ஒண்ணு. பதிவேட்டுல அழகா இருக்கு. அது தியாக எண். தியாக எண்ணுக்கு ஸ்டோர்ல என்ன குடுக்கலாம்னு பாத்தேன். ரிப்பன் குடுக்கலாம்னு போட்டிருக்கு. ரிப்பன் வேணுமா?"

"கம்பி உன் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு."

"இருக்கு. இல்லன்னா சொல்றேன்? நீ என்னைத் தப்பா நினைக்காதே. என் நிலைமையில நீ இருந்தா உன் குடையையும் அதுலதான் மாட்டுவே."

நேர்கோடு கொஞ்ச நேரம் அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொட்டுச் சொட்டாக, கம்பியின் புது வண்ணத்தின் மேல் வழிந்து, நீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

மேலாளர், "இது சொல் சம்பந்தப்பட்ட விஷயம், என் அதிகாரத்துல இல்ல" என்றார். தலைமை அலுவலகத்தில் 'சொல் திருத்த மனு' என்று ஒன்று உண்டாம். நேர்கோடு இடது கையால், கோணல் மாணலாக, எழுதினார்: 'எனக்கு நடந்ததை விபத்து என்று மாற்றித் தரவும்.' சொல் அதிகாரியின் அறை நிசப்தமாக, சுத்தமாக இருந்தது. சுவர் முழுக்கப் பழைய அகராதிகள். அவர் மனுவை மூக்கருகே வைத்துப் படித்துவிட்டு, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"மேலே இருக்கிற சொல்லை விட்டுட்டுக் கீழே இறங்கணும்னு கேக்கற முதல் ஆள் நீங்கதான். ஏன்?"

"விபத்துன்னு இருந்தாத்தான் சார் கம்பி கிடைக்கும்."

"ஒரு கம்பிக்காக ஒரு சொல்லை விட்டுடறதா?" அவர் எழுந்து சன்னலோரம் போய் நின்றார். "நான் இருபத்தாறு வருஷமா சொற்களோட வாழறேன். சொல்லுங்கறது துணி மாதிரி, உங்க தொழில்லயே சொல்றேன். புதுசா வர்றப்ப முரடா இருக்கும். மேல ஒட்டாது, உறுத்தும். வெளுக்க வெளுக்க மெத்துனு ஆகும். அப்புறம் யாருக்கு வேணும்னாலும் போர்த்திவிடலாம். தியாகம் முன்னே எல்லாம் முரட்டுச் சொல். ஒருத்தர் தானா குடுக்கணும், திரும்பக் கேக்கக் கூடாது, வெளிய சொல்லக் கூடாது, அப்படி ஏகப்பட்ட முள்ளு. யாராலயும் உபயோகப்படுத்த முடியல. நான் முள்ளை எடுத்தேன், அவ்வளவுதான். இப்ப பாருங்க, தலைமை எழுத்தர்கூடப் போட்டுக்கறார்."

"தானா குடுக்கணும்னு இருந்ததுன்னு நீங்களே சொல்றீங்களே சார். நான் தானா குடுக்கல."

"கைரேகை இருக்கே."

அகராதிகளின் மேல் தூசி இல்லை, தினமும் யாரோ துடைக்கிறார்கள் என்று நேர்கோட்டுக்குத் தோன்றியது.

"ஒரு வழி இருக்கு" என்றார் சொல் அதிகாரி கனிவோடு. "அடுத்து யாருக்காவது நடந்து, அது விபத்துன்னு பதிவாச்சுன்னா, கம்பி தானா வெளிய வந்துடும்."

"யாருக்கு சார்?"

"அதை மிஷின்தான் முடிவு பண்ணணும்."

985-ஆம் நாள் அவர் மனைவி உருளை மிஷின் முன்னால் போய் நின்றாள். நேர்கோட்டுக்கு வேலை இப்போது வாசலில்: வருகிற விருந்தினர்களுக்கு இரண்டு பலகைகளையும் காட்டி, கேட்டால் கையையும் காட்ட வேண்டும். மாலை மணி அடித்ததும் அவர் உலர்த்தும் கூடத்தின் கதவருகே நிற்பார். அவள் வருவாள். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். அவளே இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை ஒரு தடவை, புறங்கை ஒரு தடவை, திருப்பிக் காட்டுவாள், சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவிவிட்டதைக் காட்டுகிற குழந்தை மாதிரி. அப்புறம் இருவரும் வீட்டுக்கு நடப்பார்கள். அக்கா கதவைத் திறந்ததும் முதலில் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். கையைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள்.

பதினைந்து நாள் இப்படிப் போனது. அந்தப் பதினைந்து நாளும் மூன்று பேரும் வீட்டில் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது.

ஆயிரமாவது நாள் வந்தது. காவலாளி நான்கு இலக்கத்துக்கு இடம் போதாமல், கடைசிப் பூஜ்யத்தைச் சட்டத்தின் மேல் எழுதினார். கேடயம் வந்தது. தலைமை அலுவலகமே வந்தது. தியாகிகளுக்காக ஐந்து நிமிட மௌனம் என்று அறிவித்து, மௌனத்துக்காக முதல் தடவையாக உருளை மிஷினை நிறுத்தினார்கள். எல்லோரும் வாசல் முற்றத்தில் போட்ட பந்தலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். ஸ்டோர்காரரும் அங்கேதான் இருந்தார். அதற்குப் பிறகு, மிஷின் நின்றபடியே இருக்க, பேச்சுகள் இரண்டு மணி நேரம் நடந்தன. முதல் நிலைத் தியாகி மேடையில் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஸ்டோரில் நேர்கோடு குடையை எடுத்துக் கீழே வைத்தார், மடங்காமல், பதமாக. கம்பியின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறு முனையை அவர் மனைவி; மிஷினுக்குத் தூக்கிவந்தார்கள். நான்கு மரை. அவர் இடது கையால் பிடித்துக்கொள்ள, அவள் ஸ்பானரைத் திருகினாள்.

"இறுக்கம் போதுமா?"

"இன்னும் ஒரு சுத்து."

பந்தலிலிருந்து கைதட்டும் சத்தம் வந்தது. அவள் இன்னும் ஒரு சுற்று திருகினாள்.

பளீரென்ற மஞ்சள் கம்பி அடுத்த மூன்று வாரம் மிஷினின் முகத்தில் இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. மேலாளர் இரண்டு தடவை விருந்தினர்களை அழைத்துவந்து, அதன் முன்னாலேயே நின்று படம் எடுத்துக்கொண்டார். கம்பி காணோம் என்பது ஸ்டோர்காரருக்கு மட்டும் தெரியும். சொன்னால், எப்படிக் காணாமல் போனது என்று அவர்தான் எழுதித்தர வேண்டும். ஆகவே குடையைத் தரையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

1021-ஆம் நாள், வியாழக்கிழமை, இதில் சந்தேகம் இல்லை, ஆஸ்பத்திரி விரிப்பின் ஈரமான மூலை ஒன்று அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுத்தது. நடுவிரலின் நகம் கம்பியைத் தொட்டது. மிஷின் நின்றது. அவ்வளவுதான். அவள் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு, உள்ளங்கை, புறங்கை என்று யாருமில்லாத திசையில் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மிஷின் மறுபடி ஓடப் பதினொரு நிமிடம் ஆனது. பதினொரு நிமிடம் நின்றால் ஏன் நின்றது என்று எழுத வேண்டும். எழுதினார்கள். கம்பி தொட்டதால். கம்பி ஏன் அங்கே இருந்தது?

விசாரணைக்குச் சொல் அதிகாரியே வந்தார். மேலாளர் அறையில், ஆணியில் கேடயம் மாட்டியிருக்க, அதன் கீழே உட்கார்ந்தார்கள். ஸ்டோர்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"கம்பியை எடுத்தது யாரு?"

"நாங்க ரெண்டு பேரும்தான். எடுத்து மிஷின்ல மாட்டினோம்" என்றாள் அவள்.

"அதாவது, நிலையத்தோட பொருளைத் திருடி..."

"நிலையத்துலதானே சார் இருக்கு."

ஸ்டோர்காரர் இருமினார். "திருட்டுன்னா பொருள் வெளிய போயிருக்கணும் சார். இது உள்ளுக்குள்ளயே முப்பது அடி நகர்ந்திருக்கு."

சொல் அதிகாரி கையேட்டைப் புரட்டினார். நாசவேலை என்று பார்த்தார். மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒழுங்கீனம் என்று பார்த்தார். அவள் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. மேலாளர் துரோகம் என்று எடுத்துக்கொடுத்தார். அதைப் போன மாதம்தான் வேறொருவருக்கு உபயோகித்திருந்தார்கள். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கடகடத்தது.

"சரி, ஏம்மா மாட்டினீங்க?"

"கை போயிடக் கூடாதுன்னு."

"உங்க கை."

"மிஷின்ல யாரு நின்னாலும் அவங்க கை."

"ஆனா அன்னிக்கு நின்னது நீங்க."

"ஆமா சார்."

அவர் முகம் தெளிந்தது. தேடிய சொல் கிடைத்த சந்தோஷம் அது. அந்த மனிதரிடம் அதற்கு மேல் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சொல்லை எழுதி, அடிக்கோடு இட்டு, எல்லோரும் பார்க்கும்படி தாளைத் திருப்பி வைத்தார். சுயநலம்.

"நியாயமாப் பாத்தா உங்களுக்கு ஒரு தியாகம் வரவேண்டியது. அதை நீங்களே தடுத்துட்டீங்க. உங்களுக்கு மட்டும் நஷ்டம்னா பரவாயில்ல. இந்த மாசம் முதல் நிலையில நமக்கு ஒண்ணுகூட இல்ல."

அவளுக்கு வேலை போயிற்று. அதாவது, விடுவிக்கப்பட்டாள். நேர்கோடு சட்டையிலிருந்து சின்னத்தைக் கழற்றி மேசைமேல் வைக்கப் பார்த்தார், ஊக்கு வரவில்லை, அவள் கழற்றி வைத்தாள். இருவரும் வெளியே வந்தார்கள். வாசல் தாண்டும்போது காவலாளி சிவப்புப் பலகையில் ஒன்று கூட்டி எழுதிக்கொண்டிருந்தார். சின்னத்தைத் துறந்தது மூன்றாம் நிலையில் சேரும் என்று உள்ளிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வீட்டில் அக்கா கதவைத் திறந்தாள். கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"என்னன்னு எழுதினாங்க?"

"சுயநலம்னு."

அக்கா கதவை அகலத் திறந்தாள். "சரி, உள்ள வா. சாப்பிடு" என்றாள்.

கம்பி கழற்றப்பட்டு ஸ்டோருக்குத் திரும்பியது. மூன்று வாரம் குடையைத் தரையில் வைத்ததற்காக ஸ்டோர்காரருக்கு ஒன்று பதிவானது. மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டார். போகும்போது ஆணியை விட்டுவிட்டுக் கேடயத்தை எடுத்துப் போனார். சொல் அதிகாரி கையேட்டின் இரண்டாம் பதிப்பை முடித்து ஓய்வு பெற்றார். உருளை மிஷினுக்கு மடிப்பு மேசையிலிருந்து இன்னொரு பெண் உயர்த்தப்பட்டாள். இரண்டாவது மாதம் அவள் நான்கு விரல்களைக் கொடுத்தாள். பித்தளைத் தகட்டில் 'இங்கேதான்' என்பதற்குக் கீழே '2' என்று சேர்த்திருக்கிறார்கள். பச்சைப் பலகை இப்போது இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. காவலாளிக்குப் பெரிய பலகை வாங்கித் தந்திருக்கிறார்கள்.

நேர்கோடு ஒரு மருந்துக்கடையில் பெட்டிகளை அடுக்குகிறார். அவர் மனைவி அக்காவின் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். மாலையில் கடையிலிருந்து அவர் வந்ததும் இன்னும் கையைத் திருப்பிக் காட்டுகிறாள். அங்கே விரலில் ஏறக்கூடியது ஓர் ஊசிதான், அதுவும் அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் காட்டுகிறாள், அவரும் பார்க்கிறார்.

அக்கா போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். தூக்கத்தில். வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். துக்கம் கேட்க வந்த ஒரு சொந்தக்காரர் நேர்கோட்டின் தோளைத் தொட்டு, "உனக்காக எவ்வளவு பெரிய தியாகம்" என்றார். கோபப்பட அவள் எழுந்து வரவில்லை. நேர்கோடு தன்னை அறியாமல் குனிந்து அவள் கைகளைப் பார்த்தார்.

பத்து விரல்களும் இருந்தன.